புது கிரவுன் செட் போட்டும் ஊளைச் சத்தம்: ஹவுசிங்கைத் திறக்கும் முன் கவனிக்க வேண்டியது

(ஒலிப்பதிவில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது. பேசுபவர்கள்: நிகழ்ச்சித் தொகுப்பாளர், திருமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர்.)

தொகுப்பாளர்: இந்த வாரம் நமக்கு வந்த ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்தே ஆரம்பிக்கலாம். அனுப்பியவர் சொந்தமா ஒரு பிக்கப் வைத்து ஓட்டுகிறவர். திருமங்கலத்தில் காய்கறி ஏற்றி ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியா புனலூர் வரைக்கும் போவார். பின் ஆக்சிலில் கிரவுன் பல் உடைந்ததால் புதுசா கிரவுன் வீல், டெயில் பினியன் செட் போட்டார். மறுநாளே ஊளைச் சத்தம். வேலை பார்த்தவர், "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா அடங்கிரும்" என்கிறார். செட் விற்ற கடைக்காரர், "மாட்டினதுல கோளாறு" என்கிறார். நடுவில் இவருக்கு வண்டித் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. "ஓட்டவா, பிரிக்கவா?" இதுதான் அவருடைய கேள்வி. அண்ணே, நீங்க சொல்லுங்க.

மெக்கானிக்: இந்தப் பஞ்சாயத்து எங்க கடை வாசல்லயே அடிக்கடி நடக்கும் தம்பி. நான் ரெண்டுமே சொல்ல மாட்டேன். ஓட்டவும் வேணாம், உடனே பிரிக்கவும் வேணாம். முதல்ல சத்தம் எப்ப வருதுன்னு பாக்கணும். எங்க வருதுன்னு கூட அப்புறம் கேட்டுக்கலாம். 'எப்ப'ங்கிறதுலயே பாதி பதில் இருக்கு. பிரிச்சுப் போட்டுட்டா அந்தப் பதில் போயிரும். மேசை மேல கிடக்குற கியர் சத்தம் போடாதுல்ல.

தொகுப்பாளர்: 'எப்ப'ன்னா எந்த வேகத்துலன்னு அர்த்தமா?

மெக்கானிக்: வேகமும்தான். ஆனா அதைவிட முக்கியம் காலு. ஆக்சிலேட்டரை மிதிக்கிறப்ப வருதா, காலை எடுத்ததும் வருதா, லேசா வச்சுக்கிட்டு ஒரே வேகத்துல போறப்ப வருதா. இந்த மூணையும் தனித்தனியாப் பாக்கணும். கிரவுன் பல்லுக்கு ரெண்டு முகம் இருக்கு. மிதிக்கிறப்ப பினியன் ஒரு முகத்தைத் தள்ளுது. காலை எடுத்தா சக்கரம் பினியனைத் தள்ள ஆரம்பிக்கும், அப்ப வேலை செய்றது மறு முகம். ஒரு முகம் நல்லா உக்காந்து, இன்னொண்ணு தப்பா உக்காந்திருக்கலாம்.

இங்க நம்ம ஊர்ல ஒரு சிக்கல் இருக்கு. திருமங்கலம் தரை சமதளம். கடையில இருந்து நாலுவழிச் சாலைல ஏறி விருதுநகர் பக்கம் பத்து கிலோமீட்டர் போயிட்டு வந்தா டெஸ்ட் முடிஞ்சதுன்னு நினைப்பாய்ங்க. அந்த ரோட்டுல பூராம் மிதிச்சுக்கிட்டேதான் போவோம். காலை எடுத்து நீளமா இறங்குற வாய்ப்பே இல்ல. வண்டிக்காரரு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்துல கியர்ல விட்டு இறங்குறப்பதான் சத்தம் கேக்கும். வந்து சொன்னா, "நான் ஓட்டிப் பாத்தேன், ஒண்ணுமில்ல"ம்பாரு மெக்கானிக். ரெண்டு பேருமே பொய் சொல்லல.

தொகுப்பாளர்: நம்ம வாய்ஸ் நோட்காரரிடம் இதைத்தான் திருப்பிக் கேட்டோம். மிதிக்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, காலை எடுத்தால்தான் 50-ல் இருந்து 70-க்குள் ஊளையிடுகிறது என்று பதில் அனுப்பினார்.

மெக்கானிக்: அப்ப நான் முதல்ல சந்தேகப்படுறது பினியன் பேரிங்கோட டைட்டை. காரணம் சொல்றேன். மிதிக்கிறப்ப வர்ற விசை பினியனைக் கிரவுனை விட்டு வெளிய, அதாவது முன்பக்கமாத் தள்ளும். தலைப்பக்கம் இருக்குற பெரிய பேரிங் அதைத் தாங்கிக்கும். காலை எடுத்தா விசை திரும்பி, பினியனைக் கிரவுனுக்குள்ள இழுக்கும். அப்ப பிடிச்சு நிறுத்த வேண்டியது முன்னால இருக்குற சின்ன பேரிங். ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல சரியான இறுக்கம் இருந்தா பினியன் இம்மி நகராது. இறுக்கம் போயிருந்தா உள்ள நகரும், பல்லு உக்கார்ற இடம் மாறும், ஊளை விடும். வேற காரணமும் இருக்கலாம், ஆனா பார்க்கச் சுலபம் இதுதான். ஹவுசிங்கைத் திறக்கவே வேணாம். ஜாயிண்ட் ஷாஃப்ட்டைக் கழட்டிட்டு பினியன் ஃபிளேஞ்சைக் கையில பிடிச்சு முன்னயும் பின்னயும், மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் தப்பு. சுத்துற ஆட்டம் கொஞ்சம் இருக்கும், அது பல்லு இடைவெளி. அதைப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது.

தொகுப்பாளர்: புது பேரிங், புது செட். இறுக்கம் எப்படிப் போகும்?

மெக்கானிக்: நிறைய வண்டில ரெண்டு பினியன் பேரிங்குக்கு நடுவுல ஒரு நசுங்குற குழாய் இருக்கும். கிரஷ் ஸ்லீவ்னு சொல்லுவோம். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு அளவான இறுக்கத்தைக் கொடுக்கும். நட்டு எவ்வளவு டைட்டுங்கிறது இங்க அளவு இல்ல. பினியனைக் கையால சுத்த எவ்வளவு விசை வேணும்னு சின்ன டார்க் ரெஞ்சில, இல்ல ஸ்பிரிங் தராசுல பாக்கணும். வண்டிக்கு வண்டி அளவு மாறும், மேனுவல்ல இருக்கும். இப்ப என்ன நடக்குதுன்னா ஏர் கன்னை வச்சு 'டர்ர்'னு ஒரே முறுக்கு. ஸ்லீவ் தேவைக்கு மேல நசுங்கிரும். அய்யய்யோ டைட் ஆயிருச்சேன்னு நட்டைத் திருப்பி லூஸ் பண்ணுவாய்ங்க. நசுங்குன குழாய் திரும்ப நீளாது தம்பி. அங்க இருந்து அந்த பேரிங்குக்கு இறுக்கமே கிடையாது. புது ஸ்லீவ் போட்டு முதல்ல இருந்து வரணும். செட்டோட விலைக்கு முன்னால ஸ்லீவ் விலை ஒண்ணுமே இல்ல. ஆனா பழசையே திரும்பப் போட்டு விடுறவங்க இருக்காங்க.

தொகுப்பாளர்: அந்த வண்டியில் இதுதான் நடந்திருந்தது. ஃபிளேஞ்சு முன்னும் பின்னும் ஆடியது. இதோடு கதை முடிந்துவிடாது, ஏனென்றால் கேட்கிற பலருக்குச் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அதனால் ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறேன். உதாரணத்துக்கு கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல், அதாவது 4.56 ரேஷியோ. டயர் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். ஜாயிண்ட் ஷாஃப்ட்டும் பினியனும் வினாடிக்குச் சுமார் 34 சுற்று. பல்லோடு பல் சந்திப்பது வினாடிக்குச் சுமார் 310 தடவை.

இந்த மூன்று எண்ணும் மூன்று விதமாகக் காதில் விழும். 310 என்பது தெளிவான ஒரு சுருதி, ஊளை. அது பல் உட்காரும் விதத்தால் வருவது. 34 என்பது அடித்தொண்டை உறுமல், கூடவே சீட்டில் அதிர்வு. அது பினியனோடும் ஷாஃப்ட்டோடும் சுற்றும் எதிலிருந்தோ வருகிறது. ஏழரை என்பது எண்ணக்கூடிய 'டொக் டொக்'. கிரவுனில் ஒரு பல் அடிபட்டிருந்தாலோ, டயர் ஒரு இடத்தில் புடைத்திருந்தாலோ அப்படிக் கேட்கும். மொபைலில் ஒலி அலைவரிசை காட்டும் இலவச ஆப்கள் உண்டு. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, சீராக 60-ல் போகும்போது பதிவு செய்து பாருங்கள். 300 பக்கத்தில் ஒரு கோபுரம் நின்றால், வேகத்தை 30-க்குக் குறைத்ததும் அது 150-க்கு இறங்கினால், சந்தேகமே வேண்டாம், அது பல் சத்தம்.

மெக்கானிக்: ஆப்பு நல்லாத்தான் இருக்கு. நான் இன்னும் ஸ்க்ரூ டிரைவரைக் காதுல வச்சுத்தான் கேக்குறேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லணும். சத்தம் கேக்குறேன்னு ஓடுற வண்டில பின்னாடி பாடில பையனைக் குப்புறப் படுக்க வைக்காதீங்க. ஒத்தைச் சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கிட்டு கியர் போட்டு மிதிக்காதீங்க. உள்ள ஸ்டார் கியரு தாறுமாறா சுத்தும், வண்டி ஜாக்கில இருந்து பாஞ்சு ஓடவும் செய்யும். தூக்கினா ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டுத் தூக்குங்க. அப்பவும் லோடு இல்லாததால சத்தம் ரோட்டுல கேட்ட மாதிரி இருக்காது.

தொகுப்பாளர்: திறக்காமலே வேறு எதையெல்லாம் கழித்துக் கட்டலாம்?

மெக்கானிக்: டயர் சத்தத்தைத்தான் ரொம்பப் பேரு கிரவுன் சத்தம்னு நினைக்கிறாங்க. தார் ரோட்டுல இருந்து சிமெண்ட் ரோட்டுக்கு மாறுறப்ப சத்தம் மாறினா டயர். மிதிச்சாலும் விட்டாலும் மாறாம இருந்தா டயரோ வீல் பேரிங்கோ. இடது பக்கம் வளைக்கிறப்ப கூடி, வலது பக்கம் வளைக்கிறப்ப குறைஞ்சா வீல் பேரிங். நேர் ரோட்டுல ஒண்ணுமில்ல, திருப்பத்துல மட்டும் கரகரன்னா ஸ்டார் கியர் பக்கம் பாக்கணும், ஏன்னா அது திருப்பத்துலதான் சுத்தும். கியர் மாத்துறப்ப 'டங்'குன்னு ஒரு அடி வந்தா ஜாயிண்ட் கிராஸ், ஸ்பிளைன், இல்லைன்னா கழட்டி மாட்டினப்ப முறுக்காம விட்ட யூ போல்ட்டு. ஷாஃப்ட்டைக் கழட்டுறப்ப அடையாளம் வைக்காம, மாட்டுறப்ப ஒரு பல்லு தள்ளி மாட்டினாலும் அதிரும். அது கிரவுன் தப்பே கிடையாது, ஆனா பழி அதுமேலதான் விழும்.

ஆயிலையும் பாத்துருங்க. ஆயில் ஊத்தி முதல் தடவ ஓடினதும் கொஞ்சம் ஆயில் ரெண்டு பக்க ஆக்சில் குழாய்க்குள்ள போயிரும். சமதரையில நிறுத்தி, ஃபில்லர் ஓட்டை விளிம்பு வரைக்கும் இருக்கான்னு மறுபடி பாக்கணும். நிறையப் பேரு பாக்குறதில்ல.

தொகுப்பாளர்: ஆயில் பற்றி ஒரு வார்த்தை நானும் சேர்க்கிறேன். இந்த வண்டிகளில் பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இருக்காது, சற்று கீழே தள்ளி இருக்கும். இதற்குப் பெயர் ஹைபாய்டு. 1920-களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் உருவாக்கியது. முதலில் வந்தது பேக்கார்டு கார்களில். ஷாஃப்ட் தாழ்ந்தது, வண்டியின் தரையும் தாழ்ந்தது, சத்தமும் குறைந்தது. ஆனால் பல்லும் பல்லும் உருள்வதோடு நில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய்ப் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் இங்கே ஜி.எல்.-5 தர ஆயில் கேட்கிறார்கள். கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றுவது புது செட்டைக் காயப்படுத்தும் வேலை.

மெக்கானிக்: கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் அமுங்கும். ஆமா, அமுங்கும். பழைய வண்டி விக்கிறவங்க மரத்தூள் போடுவாங்க, வாழைப்பழம் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சத்தம் அமுங்குறது வேற, பல்லு சரியா உக்கார்றது வேற.

தொகுப்பாளர்: இப்போது கஷ்டமான கட்டத்துக்கு வருவோம். ஃபிளேஞ்சில் ஆட்டமில்லை, டயர் இல்லை, பேரிங் இல்லை. மிதித்தால் ஊளை, அல்லது இரண்டு பக்கமும் ஊளை. திறக்கத்தான் வேண்டும். திறந்தால் எதைப் பார்ப்பது?

மெக்கானிக்: கழுவுறதுக்கு முன்னால ஆயிலைப் பாருங்க. காந்தத்துல சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தா பரவாயில்ல, புது செட்டுல அது வரும். மினுமினுன்னு செதில் இருந்தா ஏதோ உடைஞ்சிருக்கு.

அடுத்து நம்பர். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலயே ஜோடியா ஓட விட்டுத் தேய்ச்சு எடுக்குறது. ரெண்டுலயும் ஒரே ஜோடி நம்பர் பொறிச்சிருக்கும். கடையில டப்பா மாறி, வேற வேற நம்பரு வந்ததை நான் பாத்திருக்கேன். அந்த ஜோடியை யாராலயும் அடக்க முடியாது. மாட்டுறதுக்கு முன்னாலயே நம்பரை போட்டோ எடுத்துக்கங்க. இந்தப் பஞ்சாயத்துல பாதி அதுலயே தீர்ந்துரும்.

அப்புறம் மார்க்கிங். கிரவுன்ல நாலு பல்லைத் துடைச்சு, பிரஷ்யன் புளூவோ மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட்டோ மெலிசாத் தடவணும். கிரவுனைக் கட்டையால கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பினியனை ரெண்டு பக்கமும் சுத்தணும். சும்மா சுத்தினா மார்க் விழாது. இப்ப பல்லு பட்ட இடம் தெரியும். பல்லோட நடுவுல, மேல் விளிம்புலயும் படாம அடியிலயும் படாம, உள் முனைப் பக்கம் சற்றே சாஞ்சு விழுந்தா நல்லது. லோடு ஏறினா அந்த மார்க் தானா வெளி முனைப் பக்கம் நகரும், அதனாலதான் கொஞ்சம் உள்ள வைக்கிறது. நம்ம ஊர் பிக்கப்பு எவ்வளவு ஏத்துதுன்னு உங்களுக்கே தெரியும்.

மார்க் பல்லோட அடியில விழுந்தா பினியன் ரொம்ப உள்ள வந்திருக்கு. தலைப்பக்க சிம்மைக் குறைக்கணும். மேல் விளிம்புல விழுந்தா பினியன் வெளிய நிக்குது, சிம்மைக் கூட்டணும். மார்க் உள் முனைக்கோ வெளி முனைக்கோ ஓடினா, பெரும்பாலும் கிரவுனைப் பக்கவாட்டுல நகத்திச் சரி பண்ணலாம்.

தொகுப்பாளர்: பழைய சிம்மையே போட்டால் போதும் என்று சொல்கிறார்களே?

மெக்கானிக்: ஆரம்பிக்கிறதுக்குப் பழைய சிம் சரி. முடிக்கிறதுக்கு இல்ல. ஒவ்வொரு பினியனும் வெட்டுறப்ப ஒரு நூல் முன்ன பின்ன வரும். சில பினியன் தலையில கூட்டல் கழித்தல் குறி போட்டு எண் இருக்கும், பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தை சிம்ல கொண்டு வரணும்னு அர்த்தம். அதைப் பாக்காம பழைய சிம்மை அப்படியே போட்டுட்டு, சத்தம் வந்ததும் கிரவுனை நெருக்கி நெருக்கிப் பாக்குறது பெரிய தப்பு. பினியன் ஆழம் தப்பா இருக்குறப்ப இடைவெளியக் குறைச்சா சத்தம் போகாது, சூடுதான் ஏறும்.

இடைவெளி, அதாவது பேக் லாஷ், நிறைய வண்டிக்கு 0.15-ல இருந்து 0.25 மில்லிமீட்டருக்குள்ள வரும். கையால ஆட்டிப் பாத்து 'கரெக்ட்டா இருக்கு'ங்கிற அளவு இல்ல இது, டயல் கேஜ் வேணும். அதையும் ஒரு இடத்துல பாக்காம கிரவுனைச் சுத்தி நாலு இடத்துல பாக்கணும். ஒரு இடத்துல 0.15, எதிர்ப்பக்கம் 0.28ன்னா கிரவுன் கோணலா உக்காந்திருக்கு. கேரியர் ஃபிளேஞ்சுக்கும் கிரவுனுக்கும் நடுவுல ஒரு துளி பிசிறோ பழைய லாக்டைட்டோ மாட்டினாலே போதும். அப்படி இருந்தா சத்தம் ஒரே சுருதியா இல்லாம, 'ஊஉ... ஊஉ...'ன்னு ஏறி இறங்கும்.

கேரியர் பேரிங் மூடி ரெண்டும் இடது வலது மாறக் கூடாது, திருப்பியும் போடக் கூடாது. ஹவுசிங்கோட சேத்துக் கடைஞ்சது அது. இதைச் சொன்னா சிரிப்பாய்ங்க, ஆனா மாத்திப் போட்டு வந்த வண்டி என்கிட்ட வந்திருக்கு.

தொகுப்பாளர்: அப்போது அந்த "ஓடினா அடங்கிரும்"?

மெக்கானிக்: புது பேரிங் ஓடி உக்காரும், அது உண்மை. முதல் நாள் சூடு கொஞ்சம் கூட இருக்கும், அதுவும் உண்மை. ஆனா ஊளை அடங்காது தம்பி. தப்பான இடத்துல உரசுற பல்லு, அந்தத் தப்பான இடத்துக்கு ஏத்த மாதிரி தேயும். 2,000 கிலோமீட்டர் கழிச்சு வந்து "இப்பச் சரி பண்ணிக் குடு"ன்னா, நான் சிம்மைச் சரியா வச்சாலும் பல்லோட உருவம் மாறிப் போயிருக்கும். அப்புறம் சரியான இடத்துலயும் சத்தம் போடும். முதல் வாரத்துல வந்தா ரெண்டு சிம்மும் ஒரு ஸ்லீவும். ரெண்டு மாசம் கழிச்சு வந்தா புது செட். அதனாலதான் காத்திருக்கச் சொல்ற பேச்சு எனக்குப் பிடிக்கிறதில்ல. யாரு செலவுங்கிற கேள்வியும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் குழம்பிக்கிட்டே போகும். தேய்ஞ்ச பல்லை வச்சு, மாட்டினவன் தப்பா, செட்டு தப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது.

தொகுப்பாளர்: செலவு என்றதால் சட்டப் பக்கமும் ஒரு நிமிடம். "வாடகை வண்டி, வியாபாரம்; நுகர்வோர் வழக்கே போட முடியாது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குவதை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. ஒரே வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பெரும்பாலும் அதுவரை போகாது. ஆனால் கையில் காகிதம் இருந்தால் பேச்சுவார்த்தையே மாறும். செட்டின் பில், ஜோடி நம்பர் போட்டோ, மார்க்கிங் போட்டோ, வேலை முடித்தவர் கையால் எழுதிய பேக் லாஷ் அளவு. இவ்வளவுதான்.

மெக்கானிக்: நானே பில்லுக்குப் பின்னால எழுதிக் குடுத்துருவேன். மார்க்கிங் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிருவேன். அது வண்டிக்காரருக்கு மட்டும் பாதுகாப்பு இல்ல, எனக்கும்தான். நாளைக்கு லோடு அதிகம் ஏத்தி ஹவுசிங் வளைஞ்சு சத்தம் வந்தா, நான் குடுத்தப்ப மார்க் இங்கதான இருந்துச்சுன்னு காட்டலாம்ல.

தொகுப்பாளர்: கடைசியா, எல்லாம் சரியாகப் போட்டாயிற்று, சத்தமில்லை. உடனே லோடு ஏற்றலாமா?

மெக்கானிக்: ஏத்தக் கூடாது. முதல்ல வெறும் வண்டியா கால் மணி நேரம், இருபது நிமிசம் மெதுவா ஓட்டிட்டு நல்லா ஆற விடுங்க. மறுபடி அதே மாதிரி ரெண்டு மூணு தடவ. பல்லு புதுசுல ரொம்பச் சூடாகும், ஆறினாத்தான் அடுத்த சூட்டைத் தாங்கும். 500 கிலோமீட்டர் வரைக்கும் பாதி லோடு, ஒரே வேகத்துல நீளமா விரட்டக் கூடாது. கப்பலூர் டோல் தாண்டினதும் 90-ல பிடிச்சா கன்னியாகுமரிலதான் காலை எடுப்பேங்கிற ஓட்டம் இப்ப வேணாம். 500-ல ஆயிலை வடிச்சுருங்க, புதுசுதான், இருந்தாலும் வடிச்சுருங்க. வடிக்கிறப்ப காந்தத்தைப் பாருங்க. அப்பவே பினியன் ஃபிளேஞ்சையும் ஒரு தடவ கையால ஆட்டிப் பாத்துருங்க.